வலது கையே இரண்டு முறை

என் அன்பு மகனே, என் நைனா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தை இந்த நான்கு நாளாக என் காதிலேயே நிற்கிறது. பயிற்சி முடிந்து மெஷினில் தனியாக ஏற்றுவதற்கு முன்னால் கம்பெனியில் உடம்பைப் பரிசோதித்தார்கள், கை பலத்தை அளக்கிற பிடி மீட்டரைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள் என்றாய். "இடது மணிக்கட்டு வீங்கிக்கினு இருக்குன்னு போன வாரம் சொன்னியே, எப்படிடா அழுத்தின?" என்று கேட்டேன். "உன் டெக்னிக்தாம்மா. வலது கையே ரெண்டு வாட்டி. அந்தாளு தலையக்கூடத் தூக்கல" என்றாய். வலி ஜாஸ்தியானால் ரூம் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி, ரெண்டு நாளைக்குப் பறக்கலாம் என்றும் சொன்னாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் நீ ஓசூரில் என்ன மெஷினில் நிற்கிறாய் என்பது நினைவுக்கு வந்தது. தகடு அடிக்கிற பிரஸ். இரண்டு கையும் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும், அதனால் பயப்படாதே, கை உள்ளே போகவே போகாது என்று சேர்ந்த அன்றைக்கு நீதான் எனக்கு விளக்கினாய். ஆனால் தகட்டை உள்ளே வைக்கிறதும் வெளியே எடுக்கிறதும் கைதானே. அதில் ஒரு கை சொன்ன பேச்சைக் கேட்காத கை.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், நம் வீட்டில் பயந்த விஷயத்தை எல்லாம் சிரித்தே கடத்திவிடுகிற பழக்கம் இருக்கிறது. எழுத்தில் சிரிக்க முடியாது. உன் அறையில் இருக்கிற மற்ற மூன்று பிள்ளைகளும் இதைப் படித்தால் எனக்கு வருத்தமில்லை, படிக்கட்டும். அவர்கள் கையையும் யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு பொய்யை உடைக்கிறேன். தினமும் சாயங்காலம் "கை எப்படிம்மா?" என்று கேட்கிறாய். "சூப்பர்டா" என்கிறேன். சூப்பர் இல்லை. இன்று வியாழன். நாளை காலை எனக்குக் கழுத்தில் இரண்டாவது ஊசி. அப்பாவுக்கு மட்டும் தெரியும், அதுவும் வலி கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும்தான். மிச்சம் யாருக்கும் தெரியாது. கை பலம் இழப்பது உனக்கு மட்டும் நான்கு மாதத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. நீ சொன்னாய், நான் உன் வாயை அடைத்தேன்.

அந்தக் காலை உனக்கு நினைவிருக்கிறதா? டிப்ளமோ கடைசிப் பரீட்சை முடிந்து நீ வீட்டில் இருந்தாய். அப்பாவுக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் காலை ஷிஃப்ட், கான்ட்ராக்ட் ஆளுக்குத் திடீரென்று லீவு கிடைக்காது. அதனால் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களைப் பெரிய கவரில் போட்டுக்கொண்டு நீதான் என்னோடு சென்னை ஆஸ்பத்திரிக்கு ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினாய். அதற்கு முந்தைய இரண்டு மாதம் நான் பட்டது உனக்குத் தெரியும். கழுத்தில் ஆரம்பித்து, தோள்பட்டைக்குப் பின்னால் இறங்கி, கையின் வெளிப்பக்கமாகக் கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் ஓடுகிற மாதிரி வலி. இடது கை என்பதால் முதலில் நெஞ்சு என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். "கேஸ்தான், இஞ்சி தட்டிப் போட்டுக் குடி" என்றார் அப்பா. கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் மட்டும் கொஞ்சம் அடங்கும். வேலை இடத்தில் இடைவேளையில் அப்படியே உட்கார்ந்திருப்பேன். பக்கத்து நாற்காலி ஸ்டெல்லா விடமாட்டாள். "இன்னாக்கா, தலையில கைய வச்சிக்கினு குந்திக்கினுகீற, ஊட்டுல யாரு போய்ட்டாங்க?" என்பாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு ஒன்று பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை அமுக்குகிறது. நரம்பைச் சுற்றி வீக்கம். மாத்திரையும் உடற்பயிற்சியும் ஆறு வாரம் பார்த்தாயிற்று, இனி அந்த இடத்துக்கே ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். என் நோட்டில் பதினொரு கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா, உனக்குக் கொசு கடித்துத் தடித்தால்கூட பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். ஊசி வீக்கத்தைக் குறைக்கும், பிதுங்கிய தட்டை உள்ளே தள்ளாது. சிலருக்குச் சில மாதம் நிற்கும், சிலருக்குப் பிடிக்கவே பிடிக்காது. சர்க்கரை இருந்தால் ஏறும், உங்களுக்கு இல்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் போடவில்லையே? கழுத்து என்பதால் மிக அபூர்வமாக நரம்புக்கோ தண்டுவடத்துக்கோ ஆபத்து வரலாம், அதனால்தான் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே போடுகிறோம். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கேட்டார், "கையில பலம் எப்படி இருக்கு? பொருள் ஏதாவது நழுவுதா?"

"இல்ல சார்" என்றேன்.

நீ உடனே, "இல்ல டாக்டர், நேத்துகூட தோசைக் கரண்டிய வுட்டாங்க. டம்ளர் ரெண்டு வாட்டி" என்றாய்.

"பெரியவங்க பேசச்சொல்ல குறுக்க பேசாதடா." டாக்டரின் மேசைக்கு அடியில் உன் தொடையைக் கிள்ளினேன். பத்தொன்பது வயதுப் பையனை.

டாக்டர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இடது கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிடித்தேன். "கொஞ்சம் கம்மியா இருக்கே" என்றார். "வலி சார், வலிக்குப் பயந்து இறுக்க முடியல" என்றேன். அது பாதி உண்மை. பாதி உண்மை இருந்ததால் சொல்வது சுலபமாக இருந்தது. "சரி, வலியால பிடிக்க முடியலையா, நரம்பே பலம் இழந்துடுச்சான்னு இப்ப பிரிச்சுப் பார்க்க முடியல. வலி போன பிறகு பலம் வருதான்னு பாருங்க. வரலைன்னா எனக்கு உடனே சொல்லணும். அப்ப அது ஊசியோட வேலை இல்ல, ஆபரேஷன் பத்திப் பேசணும்" என்றார். தலையாட்டினேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ ரயிலில் கேட்டாய். கும்மிடிப்பூண்டி வரும்வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். இப்போது சொல்கிறேன். ஆபரேஷன் என்றால் மூன்று மாதம் வீட்டில். மூன்று மாதம் வராத கான்ட்ராக்ட் ஆளுக்குக் கேட் பாஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி செமஸ்டர் எழுதியவள், பதினோரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு எனக்கென்று பிடித்த வேலை அது. கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வேன் ஏறும்போது நான் வேறு ஒருத்தி. அந்த ஒருத்தியைத் திரும்ப வீட்டுக்குள் அனுப்பப் பயந்தேன். உன் அப்பாவின் மேலோ உன்மேலோ பாரத்தைப் போட்டுப் பேசமாட்டேன், பயம் என்னுடையது.

ஊசி போட்ட நாளைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். அப்பா முந்தின நாள், "கழுத்துல ஊசியா? அது இன்னா கோழிக் கழுத்தா?" என்று கேலி செய்துவிட்டு, ராத்திரிச் சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டார். என்னைக் குப்புறப் படுக்க வைத்து நெற்றிக்கு ஒரு மெத்தை கொடுத்தார்கள். கழுத்துக்குமேல் பெரிய வளைந்த எக்ஸ்ரே மெஷின். மரத்துப் போக வைக்கிற ஊசி முதலில். பிறகு ஓர் அழுத்தம், யாரோ கட்டைவிரலால் உள்ளிருந்து அமுக்குகிற மாதிரி, கை வரைக்கும் ஓடியது. "அசையாதீங்கம்மா, அசையாதீங்க, மூச்சு மட்டும் விடுங்க." அந்த நேரத்தில் நான் கடவுளை நினைக்கவில்லை. பொய் சொல்லிவிட்டோமே, பொய் சொன்னவள் கழுத்தில் ஊசி நிற்கிறதே என்றுதான் நினைத்தேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. ஒரு மணி நேரம் படுக்க வைத்து, கை கால் அசைக்கச் சொல்லிப் பார்த்து அனுப்பினார்கள். முகம் சிவந்து இரண்டு நாள் சூடாக இருந்தது. மூன்றாம் நாள் வலி பழையபடி வந்து நான் அழுதேன், நீ நோட்டைப் பிரித்து, "அம்மா, எழுதிக்கிற பாரு, மருந்து புடிக்க ஒரு வாரம் ஆவும்னு" என்று காட்டினாய். ஆறாம் நாள் காலை எழுந்தேன். வலி இல்லை. நைனா, அந்தக் காலையை எப்படிச் சொல்வேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்திருந்தேன், மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வலியோடு என் பயமும் போய்விட்டது. என் தவறு அங்கேதான் பெரிதானது.

லீவு முடிந்து திரும்பினால் கம்பெனி முதலுதவி அறையில் வேலைக்குத் தகுதி என்கிற ஃபிட் சீட்டு வாங்க வேண்டும். ரத்த அழுத்தம், கண், பிடி மீட்டர். நர்ஸம்மா ரிஜிஸ்டரில் குனிந்துகொண்டே, "வலது... இடது..." என்று கேட்பார், மீட்டரின் எண்ணை நாமே படித்துச் சொல்ல வேண்டும். எங்கள் செக்கிங் பிரிவில் இருபத்தைந்து பெண்கள். வருடக்கணக்காக இடது கை விரலால் வேலை செய்து, பாதிப் பேருக்கு இடது கை சொன்னபடி கேட்காது. அதனால் ஒரு வழக்கம் எங்களுக்குள் உண்டு. ஒருத்தி உள்ளே போகும்போது இன்னொருத்தி கூடவே போய் நர்ஸம்மாவிடம் பேச்சுக் கொடுப்பாள். அன்று ஸ்டெல்லா வந்தாள். "மேடம், மருமவளுக்கு வளைகாப்பாமே, எங்களுக்குச் சொல்லவேயில்ல?" என்று ஆரம்பித்தாள். நான் வலது கையால் அழுத்தி இருபத்தாறு கிலோ என்றேன். கையை மாற்றாமலே, திரும்ப வலது கையால் அழுத்தி இருபத்து நான்கு என்றேன். ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகம் வரும், இரண்டு குறைத்துச் சொல்ல வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தில் அடக்கம். 'தகுதி' என்று முத்திரை விழுந்தது. அன்று சாயங்காலம் அதை நடித்துக் காட்டினேன் வீட்டில். ஸ்டெல்லா மாதிரி பேசினேன், நர்ஸம்மா மாதிரி குனிந்தேன். அப்பாவுக்குப் புரையேறியது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எவ்வளவு நன்றாக நடித்திருந்தால் நீ அதை ஓசூர் வரைக்கும் கொண்டு போயிருப்பாய்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வலி பத்துக்கு எவ்வளவு என்று ஒரு பெண் கேட்டாள். ஒன்று என்றேன். கையில் பலம்? நார்மல் என்றேன். அப்போது என் இடது கையில் ஒரு பாதித் தேங்காய் இருந்தது. பிடிக்க முடியாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டிருந்தேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லும்போது "கியூ.சி." என்கிறாய். வேலை இதுதான். வண்டிப் பாகங்களுக்குப் போகிற ரப்பர் வளையங்கள். ஒவ்வொன்றையும் விளக்குக்கு அடியில், இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விட்டு ஒரு சுற்று உருட்ட வேண்டும். மயிரிழை வெட்டு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரல் சொல்லும். விரல் சொன்னதை வலது கை செய்யும், நல்லது பச்சைப் பெட்டி, கழித்தது சிவப்புப் பெட்டி. தலை குனிந்தே எட்டு மணி நேரம். பெட்டிக்குள் யார் பார்த்தது என்று எண் போட்ட சீட்டு இருக்கும். என் எண் பதினேழு. நீ ஓசூருக்குக் கிளம்பிப் போய் ஒரு மாதம் இருக்கும், பதினேழாம் எண் பெட்டி ஒன்று வாங்கின இடத்திலிருந்து திரும்பி வந்தது. சூப்பர்வைசர் மூன்று வளையத்தை என் முன்னால் வைத்து, "பாருங்க" என்றார். எப்போதும் போல இடது விரலில் உருட்டினேன். வழவழவென்று போனது. ஒன்றுமில்லை. திரும்ப உருட்டினேன். ஒன்றுமில்லை. எதற்கோ வலது விரலுக்கு மாற்றினேன். நகத்தில் நூல் தடுக்குகிற மாதிரி அந்த வெட்டு தெளிவாக நின்றது. மூன்றிலும்.

எத்தனை நாளாக என்று தெரியவில்லை. எத்தனை பெட்டி என்று தெரியவில்லை. யாருடைய வண்டியில் போயிருக்கும் என்று தெரியவில்லை. வலி இருந்த நாளில் அந்த விரல் எரிந்துகொண்டாவது இருந்தது, எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டாவது இருந்தது. ஊசிக்குப் பிறகு அது அமைதியாக மரத்துக்கொண்டே போயிருக்கிறது, நான் அந்த அமைதியைச் சுகம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணாடி மாத்தணும் சார், பவர் ஏறிடுச்சி." அவர் நல்ல மனிதர், நம்பினார். அதன்பிறகு வலது விரலால் உருட்டப் பழகினேன், வேகம் குறைந்தது, குறைந்ததை ஈடுகட்ட இன்னும் குனிந்தேன். போன மாதம் வலியும் மெல்லத் திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இன்னொரு ஊசி போட்டால் சரியாகிவிடும், நாள் கொடுங்கள் என்று நானே கேட்டேன். நாளைக்குக் கொடுத்தார்கள்.

உனக்கு ஏழு வயதில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ரயில்வே கேட் பக்கத்துச் சுவரிலிருந்து விழுந்துவிட்டு, மறுநாள் பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்பதால் வீட்டில் சொல்லாமல், வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தாய். இரண்டு நாள் கழித்துக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், மணிக்கட்டு கத்தரிக்காய் மாதிரி ஊதி நீலமாக இருந்தது. பயத்தில் உன்னை அடித்தேன். "வலிச்சா சொல்லணும்னு தெரியாதா? வாய் இல்ல உனக்கு?" அடித்துக்கொண்டே அழுதேன். அதே இடது மணிக்கட்டுதானே இப்போது வீங்கியிருப்பது? உனக்கு வாய் இருந்தது. டாக்டர் முன்னால் அதைத் திறந்தாய். அடுத்த ஊசிக்கு நாளை நான் போனால், டாக்டர் அதே கேள்வியைக் கேட்பார். இந்த நான்கு நாளாக இரண்டு பதிலையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இல்ல சார் என்று சொல்வது இன்னமும் சுலபமாகவே வருகிறது. இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை.

போய்விட்டு வந்தேன். அப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். ஊசி போடும் அறைக்குள் போகிற பச்சை அங்கியைக்கூட மாட்டிவிட்டார்கள். டாக்டர் வந்து, "வலி குறைஞ்சுதா, எத்தனை வாரம் நின்னுச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "பலம்?" என்றார்.

என் வாய் "நா..." என்று ஆரம்பித்தேவிட்டது, நைனா. நார்மலின் முதல் எழுத்து. அதற்குள் அவர் என் ஃபைலைப் புரட்டி முதல் நாள் பக்கத்தில் விரலை வைத்தார். அந்தப் பக்கம் என் பக்கமாகத் திரும்பியிருந்தது. ஆங்கிலத்தில் அவர் கையெழுத்து, கோழி கிண்டின மாதிரி, ஆனாலும் படிக்க முடிந்தது. பொருள் நழுவுவதில்லை என்கிறார். அதற்குக் கீழே இன்னொரு வரி: கரண்டியும் டம்ளரும் நழுவுவதாக மகன் சொல்கிறார். அதன் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. நான் கிள்ளி அடக்கிய உன் பேச்சு நான்கு மாதமாக அந்தத் தாளில் பதில் கேட்டு உட்கார்ந்திருந்தது.

"என் பையன் சொன்னதுதான் சார் நெசம்" என்றேன். "அன்னைக்கே."

எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், விரல், தேங்காய், வலது கையே இரண்டு முறை, போனில் சொன்ன நார்மல். அப்பா சுவரில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பஞ்சை எடுத்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தார், மணிக்கட்டைத் தூக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், பட்டன் போட முடிகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா என்று கேட்டார். அதெல்லாம் சரியாக இருந்தது. பிறகு, "இன்னைக்கு ஊசி போடலம்மா" என்றார். "போட்டா உங்களுக்கு மறுபடி வலி குறையும். குறைஞ்சா மறுபடி நாலு மாசம் வரமாட்டீங்க. அதுக்குள்ள நரம்பு போயிடும்." புதிதாக ஒரு எம்.ஆர்.ஐ., செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்று கேட்டேன். "சீக்கிரம் செஞ்சா வாய்ப்பு இருக்கு. உறுதி சொல்ல முடியாது. மே மாசமே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எழுந்திருக்கும்போது கேட்டார், "அந்தத் தம்பி இன்னைக்கு வரலையா?"

ரயில் மீஞ்சூரைத் தாண்டும்போது அப்பா, "கேஸுன்னு சொன்னன் பாரு, என்னிய செருப்பால அடிக்கணும்" என்றார். நான் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்து நம் வீட்டில் அது முதல் முறை.

சனிக்கிழமை.

இன்று காலை வேலைக்குப் போய், நேராக முதலுதவி அறைக்குப் போனேன். "இன்னாம்மா, உனக்கு இன்னைக்குத் தேதி இல்லியே?" என்றார் நர்ஸம்மா. மீட்டரைக் கொடுங்கள் மேடம் என்று கேட்டு வாங்கி, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, இடது கையால் அழுத்தினேன். முள் ஒன்பதில் நின்றது. "போன தடவ இருபத்தி நாலுன்னு எழுதிக்கிறனே?" என்றார். "அது இந்தக் கை மேடம்" என்று வலது கையைக் காட்டினேன். அவர் ரிஜிஸ்டரின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். வருடக்கணக்கான இருபத்தாறும் இருபத்து நான்கும் அதில் வரிசையாக இருந்தன. பதினேழாம் எண் பெட்டிகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லி சூப்பர்வைசருக்கும் எழுதிக் கொடுத்தேன். அவர் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. கேட் பாஸ் என்னவாகும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

வேன் அருகே ஸ்டெல்லா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா வேல பண்ணிட்ட? எங்க எல்லார் வாயிலயும் மண்ணப் போட்டியே. இனிமே அந்தம்மா நிமிந்து நிமிந்துல்ல பாக்கும். எனக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க, தெரியுமில்ல?" என்று கத்தினாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் இடது கையை மெல்லப் பிடித்து, என் வலது விரலை நீட்டி, "இறுக்கிப் புடி ஸ்டெல்லா" என்றேன். உதறிவிட்டு வேனில் ஏறி, எனக்குப் பக்கத்து இடத்தில் உட்காராமல் பின்னால் போய்விட்டாள். ஆனால் உதறுவதற்கு முன் ஒரு நொடி பிடித்தாள். அந்தப் பிடியில் ஒன்றுமே இல்லை. திங்கட்கிழமை அவளிடம் மறுபடி பேசுவேன். அவள் பேசாவிட்டாலும் பேசுவேன்.

உனக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்ததும், மறுபடி அந்தப் பிரஸ்ஸுக்கு முன்னால் நிற்பதற்கு முன்பு, உன் ஷிஃப்ட் அதிகாரியிடம் போய் இடது மணிக்கட்டைக் காட்டு. மெடிக்கல் பரிசோதனையில் நடந்ததையும் சொல். அம்மா சொல்லிக்கொடுத்த வித்தை என்று சொன்னாலும் பரவாயில்லை, அது உண்மைதான். அந்தக் கிளினிக்கில் உனக்கு என்ன ஊசி போட்டார்கள் என்று பெயரை எழுதி வாங்கி, எலும்பு டாக்டர் ஒருவரிடம் எக்ஸ்ரேயோடு காட்டு. அந்த வேலை போனால் போகட்டும் என்று நான் லேசாகச் சொல்லமாட்டேன். ஒரு வேலை போவது என்னவென்று எனக்குத் தெரியும், அதை விடாமல் பிடிக்கத்தானே இவ்வளவும் செய்தேன். போனால் வலிக்கும். வலித்தால் சொல், உட்கார்ந்து பேசலாம். இந்த முறை மேசைக்கு அடியில் யாரும் உன்னைக் கிள்ளமாட்டார்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். நர்ஸம்மா எழுதிக் கொடுத்தது, முத்திரை போட்டது. இடது கை, ஒன்பது. உன் இடது கை எவ்வளவு? மீட்டரை வாங்கி, யாராவது நிமிர்ந்து பார்க்கும்போது அழுத்து. எண் எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்பு.

உன் அம்மா